சுதந்திரப் பள்ளு: ஒரு பாட்டின் வரலாறு

(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பாடக் கட்டுரை)

பாட்டுக்கு வரலாறு உண்டு. அது ஒருவர் உள்ளத்திலே பிறந்து, ஏட்டிலே பதிந்து, பலர் நாவிலே வளர்ந்து, சிலர் கையிலே சிறைப்பட்டு, மீண்டும் விடுதலை பெற்று எம்மிடம் வந்து சேர்கின்றது. வந்து சேர்ந்த பாட்டை மட்டும் அறிந்து, அது நடந்து வந்த வழியை அறியாதிருத்தல் கனியை உண்டு மரத்தை அறியாதிருத்தல் போன்றதாகும்.

எமது பள்ளியின் ஆண்டு விழா மேடையிலே 'ஆடுவோமே' என்று தொடங்கும் பாட்டுக்குச் சிறுவர்கள் ஆடுவது வழக்கமாகிவிட்டது. காலில் சலங்கை கட்டிய பிள்ளைகள் அதன் மெட்டை நன்கறிவர். பாட்டை எழுதியவர் பாரதியார் என்பதையும் பெரும்பாலோர் சொல்வர். ஆனால், அப்பாட்டு எவ்வாறு திரைப்படத்துக்கு வந்தது? ஒரு காலத்தில் அதைப் பாடும் உரிமை விலைக்கு வாங்கப்பட்டது ஏன்? அவ்வுரிமை மக்களுக்கு மீண்டது எவ்வாறு? இவற்றை அறிந்தோர் சிலரே.

இன்னுமொரு கேள்வியும் உண்டு. மேல்வகுப்பு மாணவர்கள் அதை எம்மிடம் நேரடியாகவே கேட்பதுண்டு. "இது இந்தியாவின் விடுதலையைப் பற்றிய பாட்டு. நாங்கள் பிறந்தது ஒஸ்லோவில். எங்கள் பெற்றோர் வந்தது இலங்கையிலிருந்து. இதை நாங்கள் ஏன் பாடவேண்டும்?" இக்கேள்வி நியாயமானது. அதட்டி அடக்கத்தக்கதன்று. இக்கட்டுரை அதற்கு விடை தேடும் முயற்சியாகும்.

பாட்டை ஆக்கியவர்

சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திலே பிறந்தார். 'இந்தியா' என்னும் வார இதழில் அவர் எழுதிய எழுத்துக்கள் ஆங்கில ஆட்சியினருக்கு எரிச்சலூட்டின. கைது செய்யப்படும் நிலை நெருங்கவே, 1908இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரிக்குச் சென்று அடைக்கலம் புகுந்தார். பத்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். 1918 நவம்பரில் ஊர் திரும்ப முயன்றபோது கடலூரருகே கைது செய்யப்பட்டுச் சில வாரங்கள் சிறையிலிருந்தார். 1921 செப்ரெம்பரில், நாற்பது வயது நிறையுமுன்னே, சென்னைத் திருவல்லிக்கேணியில் காலமானார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரதியார் தம் வாழ்வின் பத்து ஆண்டுகளை அகதியாகக் கழித்தவர். தம் ஊருக்குப் போகும் வழி தெரிந்திருந்தும் போகமுடியாதவராய், எல்லைக்கு அப்பாலிருந்து தமிழ் எழுதியவர். இந்நிலை எத்தகையது என்பதை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அகராதி பாராமலே பொருள் சொல்வர்.

இந்தியா விடுதலை பெற்றது 1947 ஓகஸ்ட் 15ஆம் நாள். பாரதியார் மறைந்து ஏறக்குறைய இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்நாள் வந்தது. அவ்வாறாயின், வராத விடுதலையை வந்துவிட்டதென்று கொண்டாடி ஒருவர் எப்படிப் பாடினார்? அதுவே இப்பாட்டின் தனிச்சிறப்பு. நூல்களில் இப்பாட்டுக்கு 'சுதந்திரப் பள்ளு' என்று பெயர். 'பள்ளர் களியாட்டம்' என்பது அதன் துணைத்தலைப்பு. இத்தலைப்புகளுக்குள்ளேயே பாட்டின் உட்பொருள் பாதி அடங்கியுள்ளது.

பள்ளு என்பது யாது?

தமிழிலே தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்கள் உண்டென்பர். அவற்றுள் ஒன்று பள்ளு. வயலிலே உழைக்கும் பள்ளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு பாடப்படுவது. பள்ளன், மூத்த பள்ளி, இளைய பள்ளி, பண்ணைக்காரன் ஆகியோர் அதன் மாந்தர். மழை பெய்தல், ஆற்றிலே வெள்ளம் வருதல், ஏர் பூட்டுதல், நாற்று நடுதல், அறுவடை செய்தல் என்று வேளாண்மையின் படிகள் ஒவ்வொன்றும் அதிலே வரும். நெல் வகைகளின் பெயர்களும் மாட்டு வகைகளின் பெயர்களும் நிரையாக வரும். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த 'முக்கூடற் பள்ளு' இவ்வகையிற் புகழ் பெற்றது.

பள்ளு எமக்கு அயலானதன்று. ஈழத்திலே 'கதிரைமலைப் பள்ளு' எழுந்தது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 'பறாளை விநாயகர் பள்ளு' பாடினார். மாவை சின்னக்குட்டிப் புலவர் 'தண்டிகைக் கனகராயன் பள்ளு' பாடினார். ஆகவே, பாரதியார் கையிலெடுத்த யாப்பும் இசையும் பாக்கு நீரிணையின் இருகரையிலும் வழங்கியவையே.

ஆயினும் பழைய பள்ளுக்கும் பாரதியார் பள்ளுக்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. பழைய பள்ளிலே அதிகாரம் பண்ணைக்காரனிடம் இருக்கும். வேலைக்கு வராத பள்ளனை அவன் மரக்குட்டையிலே மாட்டித் தண்டிப்பான். அதைப் பார்த்துச் சிரிக்குமாறு பாடல் அமைந்திருக்கும். பாரதியார் அந்தப் பண்ணைக்காரனை அடியோடு நீக்கிவிட்டார். அவர் பாட்டிலே பேசுவோர் உழைப்போர் மட்டுமே. பிறப்பினாலே உயர்வு பெற்றோருக்கும் அயல்நாட்டு ஆட்சியாளருக்கும் பணிந்து நின்ற காலம் முடிந்தது என்கின்றனர். உழவையும் தொழிலையும் மதிக்கவேண்டும், உழையாது உண்டு களித்திருப்போரை இகழவேண்டும் என்கின்றனர். எவரும் எவருக்கும் அடிமையில்லை என்கின்றனர். நோர்வேப் பாடசாலையில் 'ஹூஸ்மன்' எனப்பட்ட நிலமற்ற குடியானவரைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்திலே கற்றிருப்பீர்கள். பிறர் நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாகப் பிறர் வயலில் உழைத்தவர்கள் அவர்கள். அத்தகையோர் ஒருநாள் தம் வாயாலேயே விடுதலைப் பாட்டுப் பாடினால் எப்படியிருக்கும்? அதுதான் சுதந்திரப் பள்ளு.

இவ்விடத்தில் பெற்றோர்க்கும் ஒரு சொல். இப்பாட்டை எமது ஊர்களிலும் பாடினோம். பாடசாலை மேடைகளிலே கைதட்டிப் பாடினோம். அதே ஊர்களில், 1968இலும்கூட, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமை கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. பாட்டு வாயில் இருந்தது, வாழ்வில் இறங்கவில்லை. ஒஸ்லோவிலே பிள்ளைகளுக்கு இப்பாட்டைக் கற்பிக்கும்போது, 'பள்ளர்' என்ற சொல் வருமிடத்தில் நாம் குரலைத் தாழ்த்தி விரைந்து கடந்துவிடலாகாது. அச்சொல்லே பாட்டின் உயிர். அதை விளக்காது மெட்டை மட்டும் கற்பித்தல் விளக்கிலே திரியை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்றுவதாகும்.

ஒரு சிறு இலக்கணம்

'ஆடுவோம்' என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. 'ஆடு' என்பது பகுதி. 'வ்' எதிர்கால இடைநிலை. 'ஓம்' தன்மைப் பன்மை விகுதி. ஈற்றில் வரும் 'ஏ' உறுதியைக் காட்டும் தேற்றப் பொருளில் வந்தது. கொண்டாட்டம் எதிர்காலத்தில் சொல்லப்படுகின்றது. ஆனால், சுதந்திரம் பெற்ற செய்தியையோ பாரதியார் இறந்த காலத்தில், முடிந்துபோன செயலாகவே சொல்கின்றார். நிகழாததை நிகழ்ந்ததாகக் கூறுதல் பொய்யன்றோ எனின், அன்று. விரைவும் தெளிவும் தோன்ற எதிர்கால நிகழ்ச்சியை இறந்த காலத்தாற் சொல்வதைத் தமிழ் இலக்கணம் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றது. பசித்த பிள்ளையிடம் உணவு ஆக்கிக்கொண்டிருக்கும் தாய் "இதோ, சோறு வந்துவிட்டது" என்பதில்லையா? அதுபோன்றதே இது.

'ஓம்' என்னும் விகுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. நோர்வே மொழியில் 'வீ' என்ற ஒரே சொல்லே உண்டு. தமிழிலோ 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரண்டு உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கின்றார். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகின்றார். 'ஆடுவோம்' என்னும் வினைமுற்று இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே பாடுவோர் 'நாங்கள்' என்று எண்ணியும் பாடலாம். 'நாம்' என்று எண்ணியும் பாடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

பேசும் படமும் பாட்டும்

தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 ஒக்ரோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி அதன் நாயகி. அக்காலப் படங்கள் நாடக மேடையின் பிள்ளைகள். பேச்சைவிடப் பாட்டே மிகுதி. நடிப்பவரே பாடவும் வேண்டும். பாடத் தெரியாதவர் நாயகர் ஆதல் அரிது. 1938இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' என்னும் படத்திலே ஒருவர் வாயசைக்க மற்றொருவர் குரல் கொடுக்கும் பின்னணிப் பாடல் முறை தமிழிலே தொடங்கியது. அப்படத்தில் சிறுவனாக நடித்தவர் டி. ஆர். மகாலிங்கம்.

அக்காலத்தில் விடுதலைப் பாட்டைப் படத்தில் வைப்பது எளிதன்று. பாரதியார் பாடல் நூல்களை 1928இல் சென்னை அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையிலே எஸ். சத்தியமூர்த்தி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939இல் வெளிவந்து, பின்னர் தடைசெய்யப்பட்டது. அப்படத்திலே பாடியவர்களுள் ஒருவர் இளம் பாடகியாகிய டி. கே. பட்டம்மாள். 1919இல் பிறந்த அவர், தேசபக்திப் பாடல்களையும் பக்திப் பாடல்களையுமே திரையிற் பாடுவதென்ற கொள்கையுடையவர். கச்சேரி மேடைகளில் பாரதியார் பாடல்களை விரும்பிப் பாடியவர்.

'நாம் இருவர்'

1946ஆம் ஆண்டளவில் காலம் மாறத் தொடங்கியது. சென்னையிலே காங்கிரசு அமைச்சரவை மீண்டும் பதவியேற்றிருந்தது. விடுதலை வாசலுக்கு வந்துவிட்டது. அவ்வேளையில் ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்னும் நாடகத்தை மெய்யப்பன் படமாக்க முனைந்தார். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்திருந்த படப்பிடிப்பு நிலையத்தில் படம் உருவாயிற்று. இயக்கியவரும் அவரே. டி. ஆர். மகாலிங்கம், டி. ஏ. ஜெயலட்சுமி ஆகியோர் நடித்தனர். வி. கே. ராமசாமி முதியவர் வேடத்திலே அறிமுகமானார். இசை அமைத்தவர் ஆர். சுதர்சனம். 'நாம் இருவர்' எனப் பெயர் பெற்ற அப்படம் 1947 சனவரியில், பொங்கற் காலத்தில் வெளிவந்தது.

பாரதி விழாக் காட்சியோடு தொடங்கும் அப்படத்தில் பாரதியார் பாடல்கள் பல இடம்பெற்றன. அவற்றுள் சுதந்திரப் பள்ளைப் பட்டம்மாள் பாடினார். திரையிலே ஆடியவர் குமாரி கமலா. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. சிறுமியின் துள்ளலும் பட்டம்மாளின் கம்பீரமான குரலும் சேர்ந்தன. நூலிலிருந்த பாட்டு நாடெங்கும் தெருக்களுக்கு வந்தது. எழுத்தறியாதவரும் பாரதியார் சொற்களைப் பாடினர். ஒரு நூல் பல ஆண்டுகளிற் செய்யாததை ஒரு படம் சில வாரங்களிற் செய்தது எனலாம்.

நாள்களை எண்ணிப் பாருங்கள். படம் வெளிவந்தது சனவரியில். விடுதலை வந்தது ஓகஸ்டில். இடையே ஏழு மாதங்கள். திரையரங்குகளில் மக்கள் சுதந்திரம் கிடைத்துவிட்டதென்ற பாட்டைக் கேட்டு மகிழ்ந்தபோது கோட்டையிலே பறந்தது ஆங்கிலக் கொடியே. பின்னர் விடுதலை வந்தபோது சென்னை வானொலியின் சுதந்திர நாள் ஒலிபரப்பிலே பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். பாரதியார் இறந்த காலத்தில் எழுதி வைத்தது அன்றுதான் நிகழ்காலமாயிற்று.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இனி நாம் சொல்லப்போவது இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

ஒருவர் எழுதிய எழுத்து அவர் உடைமை. அவர் இறந்த பின்னர் குறிப்பிட்ட காலம் வரை அவர் குடும்பத்தின் உடைமை. அக்கால இந்தியச் சட்டப்படி அது ஐம்பது ஆண்டுகள். பாரதியார் மறைந்தது 1921இல். ஆகவே 1971 வரை அவர் பாடல்களுக்கு உரிமையாளர் இருப்பர். அவர் மறைந்தபோது குடும்பம் வறுமையிலே இருந்தது. மனைவி செல்லம்மா பாரதி ஆச்சிரமம் என்ற பெயரிலே நூல்களை வெளியிட முயன்றார். பின்னர் நூல்களை அச்சிடும் உரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன் முதலியோரின் பாரதி பிரசுராலயத்திடம் சென்றது.

இசைத்தட்டு உரிமையோ வேறு வழியிற் சென்றது. சென்னையிலே நகை வணிகமும் இசைத்தட்டு வணிகமும் செய்த சுராஜ்மல் நிறுவனத்தின் ஜெசிங்லால் மேத்தா அதைச் சிறு தொகைக்கு வாங்கிக்கொண்டார். இசைத்தட்டு வணிகத்திலிருந்தே திரைத்துறைக்கு வந்தவர் மெய்யப்பன். ஒரு பாட்டின் விலையை அவர் அறிவார். ஏறக்குறையப் பத்தாயிரம் ரூபா கொடுத்து மேத்தாவிடமிருந்து அவ்வுரிமையை அவர் பெற்றுக்கொண்டார். அதன் பயனாகவே 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்கள் தாராளமாக இடம்பெற்றன.

இதில் சட்டக் குற்றம் ஒன்றுமில்லை. அந்த முதலீடு இல்லையேல் பாட்டு இத்துணை விரைவிற் பரவியிராது என்பதும் உண்மை. ஆனால், விடுதலை பெற்ற நாட்டிலே விடுதலைப் பாட்டைப் பாடுவதற்கு ஒரு நிறுவனத்திடம் இசைவு கேட்க வேண்டிய நிலை வந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தயாரித்த 'பில்ஹணன்' படத்திலே பாரதியாரின் பாட்டொன்று இடம்பெற்றது. மெய்யப்பன் தரப்பு அதனை ஆட்சேபித்தது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. நடிகர் டி. கே. சண்முகம் பணிந்து போகவில்லை. பாரதியார் பாடல் நாட்டின் பொதுச் சொத்து என்று வாதாடினார்.

இவ்வாறிருக்க, தமிழ் எழுத்தாளரிடையே ஓர் இயக்கமும் எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் என்னும் அமைப்பின் வழியாகப் பாடுபட்டனர். நாட்டுக்கு விடுதலை பாடியவரின் பாட்டுக்கே விடுதலை வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் ஆகியோருடன் துரைக்கண்ணன் திருநெல்வேலி சென்று செல்லம்மா பாரதியைக் கண்டு அவர் இசைவையும் பெற்றார்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த காலத்தில், 1949இல், பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு எடுத்துக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தினருக்கும் தம்பிக்கும் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமலே அரசிடம் ஒப்படைத்தார். விலைக்கு வாங்கியவர் விலையின்றிக் கொடுத்தார் என்பதையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். பின்னர் 1950களின் நடுப்பகுதியில் அவ்வுரிமை முழுவதும் மக்களுக்கே விடப்பட்டது. அன்றுதொட்டுப் பாரதியார் பாடல்களை எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம்.

ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசொன்று விலைகொடுத்து வாங்கிப் பொதுமக்களுக்கு அளித்தது உலகிலே முன்மாதிரி இல்லாத செயல் என்பதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். பாரதியாரைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நன்று. பாடலின் சொற்கள் பொதுவுடைமை. ஆனால் ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிநாடாவும் குறுந்தட்டும், ஒருவர் அமைத்த புதிய மெட்டும் தனியுரிமை உடையனவாக இருக்கலாம். ஆகவே சொந்தக் குரலிலே பாடுங்கள். சொந்தமாக மெட்டமையுங்கள். அதுவே பாரதியாரின் பாட்டை முழுமையாகப் பெறும் வழி.

நோர்வேயிலிருந்து நோக்குமிடத்து

நாம் வாழும் இந்நாட்டிலும் ஒப்பிடத்தக்க கதைகள் உண்டு. மே 17ஆம் நாள் ஒஸ்லோவின் தெருக்களிலே நீங்கள் பாடிச் செல்லும் 'யா, வீ எல்ஸ்கெர்' என்னும் பாட்டை எழுதியவர் பியோர்ன்சன். இசையமைத்தவர் அவருடைய உறவினர் நூர்ட்ரோக். 1864 மே 17இல், அரசியலமைப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவிலே, அது ஐட்ஸ்வொல்லில் பொதுமேடையேறியது. அப்போது நோர்வே சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்தது, தனிநாடானது 1905இல். அங்கேயும் பாட்டு முந்தியது, நாடு பிந்தியது. நாடாளுமன்றம் அதை முறைப்படி நாட்டுப்பண்ணாகத் தீர்மானித்தது 2019 டிசெம்பரிலேதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாட்டை நாட்டுப்பண்ணாக்கி வைத்திருந்தது எது? ஆண்டுதோறும் பாடிய பிள்ளைகளின் வாய்.

ஓவியர் எட்வர்ட் முங்க் 1940இல் எழுதிய மரணசாசனத்தின் மூலம் தம்மிடமிருந்த ஓவியங்களை ஒஸ்லோ நகருக்கே உரிமையாக்கினார். பியோர்விக்காவிலே உள்ள முங்க் காட்சியகத்துக்குச் செல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். முங்க் தம் கையாலேயே கொடுத்துச் சென்றார். பாரதியாருக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. அவர் சார்பில் மக்கள் கேட்டுப் பெற்றுக்கொண்டனர்.

கேள்விக்கு விடை

நாம் யாழ்ப்பாணத்திலே மாணவராயிருந்த 1990களின் முற்பகுதியில் மின்சாரம் இல்லை. மின்கலம் கிடைப்பதும் அரிது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னால் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். பட்டம்மாள் குரலில் சுதந்திரப் பள்ளை அவ்வாறு கேட்டதுண்டு. ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பதும், பின்னர் முறை மாற்றுவதும் வழக்கம். பிற்காலத்தில் ஆசிரியராகி வகுப்பறையிலே அப்பாட்டைக் கற்பித்தபோதும், அகதியாய் வந்து இங்கே கற்பிக்கும்போதும், அந்த உண்மை எமக்கு மறக்கவில்லை. பாட்டு தானே வராது; யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே, "இதை நாங்கள் ஏன் பாடவேண்டும்?" என்ற கேள்விக்கு எமது விடை இதுவே. இப்பாட்டு இந்தியாவின் விடுதலையை ஒட்டிப் பிறந்தது உண்மை. ஆனால் அது கொண்டாடுவது எல்லைக்கோடு ஒன்றையன்று. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு முன் கைகட்டி நில்லாத நிலையை அது கொண்டாடுகின்றது. அந்நிலை எங்கே முழுமையாக வந்துவிட்டது? எமது ஊரில் வரவில்லை. பிறந்த நாட்டைவிட்டு நாம் வந்ததே அதற்குச் சான்று. எமக்குள்ளும் முழுமையாக வரவில்லை. சாதியை மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றி வந்தோரும் எம்மிடையே உளர். வராத ஒன்றை வந்துவிட்டதாகப் பாடி வரவழைக்கும் பாட்டு இது. ஆகையால் இன்னும் பாடப்பட வேண்டியதாகவே இருக்கின்றது.

உரிமையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாரதியாரின் பாட்டு தம்பியின் உடைமையாயிருந்தது, வணிகரின் உடைமையாயிருந்தது, படநிறுவனத்தின் உடைமையாயிருந்தது, அரசின் உடைமையாயிருந்தது. இறுதியில் எல்லோருக்கும் உடைமையாயிற்று. எல்லோருக்கும் என்பதில் ஒஸ்லோவிலே பிறந்த பிள்ளையும் அடக்கம். கடவுச்சீட்டிலே எந்நாட்டின் முத்திரை இருந்தாலும் அவ்வுரிமை குறைவதில்லை. ஆயின் பொதுவுடைமைக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் சொந்தமானதை ஒருவரும் பேணாது விடுதல் எளிது. சட்டத்தால் விடுதலை பெற்ற பாட்டு, பாடுவாரின்மையால் மறுபடியும் ஏட்டிற் சிறைப்படக்கூடும்.

பெற்றோர்களே, பிள்ளைகளை மேடைக்கு ஆயத்தம் செய்யும்போது உடைக்கும் ஒப்பனைக்கும் செலவிடும் நேரத்தில் கால்மணி நேரத்தைப் பாட்டின் பொருளுக்கு ஒதுக்குங்கள். தெரியாத சொல்லைப் பிள்ளை கேட்டால் சேர்ந்து தேடுங்கள். மாணவர்களே, 'ஆடுவோம்' என்பதற்குள் 'நாங்கள்' உண்டு, 'நாம்' உண்டு என்றோம். அதை 'நாங்கள்' என்று பாடினால், முன்னொரு காலத்தில் வேறொரு நாட்டில் நடந்த விழாவின் எதிரொலியாக அது நின்றுவிடும். 'நாம்' என்று பாடுங்கள். அப்போது கேட்போரும் அதனுள் வருவர். நீங்களும் அதனுள் இருப்பீர்கள்.

அருஞ்சொற்பொருள்

பள்ளு – உழைப்போர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கிய வகை
களியாட்டம் – மகிழ்ச்சி ஆடல்
அடைக்கலம் – புகலிடம்
பறிமுதல் – அரசு கைப்பற்றுதல்
காப்புரிமை – படைப்பின்மீது படைத்தவருக்குள்ள உரிமை
நாட்டுடைமை – நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது
காலவழுவமைதி – ஒரு காலத்துக்குரியதை வேறொரு காலத்தாற் கூறுதலை ஏற்றல்

பயிற்சி

1. பழைய பள்ளு இலக்கியத்துக்கும் சுதந்திரப் பள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வசனங்களில் எழுதுக.
2. 'நாம்', 'நாங்கள்' ஆகிய சொற்களை அமைத்து இவ்விரண்டு வசனங்கள் எழுதுக. அவற்றை நோர்வே மொழியிற் பெயர்க்கும்போது எது மறைகின்றது?
3. பாரதியார் மறைந்தது 1921இல். நோர்வேயின் இன்றைய சட்டம் படைத்தவர் மறைந்த பின் எழுபது ஆண்டுகள் காப்புரிமை வழங்குகின்றது. அக்கணக்கின்படி அவர் பாடல்கள் எந்த ஆண்டின் முடிவில் பொதுவுடைமை ஆகும்? சென்னை அரசின் செயலால் அவை ஏறக்குறைய எத்தனை ஆண்டுகள் முன்னரே மக்களுக்குக் கிடைத்தன?
4. உமது பாட்டி, பாட்டனார் அல்லது பெற்றோர் இளமையிற் கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டறிக. அதை எழுதியவர், பாடியவர், அவர்கள் அதைக் கேட்ட இடம், கேட்ட விதம் ஆகியவற்றைக் குறித்து வந்து வகுப்பிலே வாசிக்குக.